கீலவேயா: நெருப்பைத் தேடிப் போகிறவர்களுக்கு

ஹவாயின் மற்றத் தீவுகளுக்கு மக்கள் கடற்கரைக்காகப் போகிறார்கள். 'பெரிய தீவு' என்று அங்கே எல்லோரும் சொல்லும் ஹவாய்த் தீவுக்கு விமானம் ஏறுகிறவர்களின் ஆசை வேறு. உருகிய பாறை செக்கச்செவேலென்று பீறிட்டு எழுவதை ஒருமுறையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும். நியாயமான ஆசைதான். குழந்தை குட்டிகளோடு வந்த ஒரு குடும்பம், தார்ச்சாலையோரம் காரை நிறுத்திவிட்டு, எரிமலைச் சீற்றத்தைப் பத்திரமான தூரத்தில் நின்று பார்க்கக்கூடிய இடங்கள் உலகில் மிகக் குறைவு. ஹவாய் எரிமலைகள் தேசியப் பூங்கா அவற்றில் முதன்மையானது. 2024இல் மட்டும் 14 லட்சத்துக்கும் அதிகமானோர் வந்துபோயிருக்கிறார்கள்.

ஆனால் எரிமலைக்கு நாள், நட்சத்திரம் கிடையாது. இந்தப் பூங்காவிலுள்ள கீலவேயா எரிமலையின் உச்சியில் 2024 டிசம்பர் 23 அன்று தொடங்கிய சீற்றம் விட்டு விட்டு நடக்கும் வகை. சில மணி நேரம் லாவா ஊற்று பீறிடும். சில கட்டங்களில் 300 மீட்டருக்கு மேல் எழுந்திருக்கிறது. பிறகு சட்டென்று நின்றுவிடும். அடுத்தது சில நாட்களில் வரலாம், சில வாரங்களும் ஆகலாம். முதல் சில கட்டங்கள் நாள்கணக்கில் நீண்டன. பிந்தியவற்றில் பல அரை நாளைக்கூடத் தாண்டவில்லை. காலையில் வந்தவர் அதிசயத்தைப் பார்த்துவிட்டுப் போக, மாலையில் வந்தவர் வெறும் புகையைப் பார்த்துவிட்டுத் திரும்புவது அங்கே சாதாரணம்.

அதனால் லாவா தெரியாது என்றே வைத்துக்கொண்டு பயணத்தைத் திட்டமிடுவதுதான் புத்திசாலித்தனம். சீற்றம் இல்லாத நாளிலும் இரண்டு முழு நாட்களை நிறைக்கும் அளவுக்கு இந்தப் பூங்காவில் விஷயம் இருக்கிறது. அதை அறியாமல், குழியை எட்டிப் பார்த்துவிட்டு, 'ஒன்றுமில்லை' என்று ஒரு மணி நேரத்தில் காரைத் திருப்புகிறவர்கள் ஏராளம். அவர்கள் இழப்பது மிகப் பெரிது.

இரண்டு மலைகள்

பூங்கா 1916 ஆகஸ்ட் 1 அன்று உருவாக்கப்பட்டது. கடல் மட்டத்தில் தொடங்கி 4,169 மீட்டர் உயரமுள்ள மவுனா லோவாவின் உச்சிவரை ஒரே பூங்காதான். 1987 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. உள்ளே உயிரோடிருக்கும் எரிமலைகள் இரண்டு. மவுனா லோவா 1984க்குப் பிறகு 38 ஆண்டுகள் அடங்கிக் கிடந்து, 2022 நவம்பர் 27 இரவு மீண்டும் விழித்து, இரண்டு வாரத்தில் ஓய்ந்தது. கீலவேயாவோ அவ்வளவு நேரம் சும்மா இருக்கிற மலை அல்ல. அதன் கிழக்குச் சரிவில் உள்ள பூ ஓ ஓ என்ற வாய் 1983இல் தொடங்கி 2018வரை, 35 ஆண்டுகள், ஏறக்குறைய இடைவிடாமல் லாவாவைக் கக்கிக்கொண்டிருந்தது.

முதல்முறை வருகிறவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். "மலை எங்கே?" படங்களில் பார்த்த கூம்பு வடிவம் இங்கே இல்லை. இளகிய லாவா வெகுதூரம் வழிந்தோடி அடுக்கடுக்காகப் படிந்ததால், இரண்டுமே கவிழ்த்துவைத்த தாம்பாளம்போலப் பரந்து தாழ்ந்த மலைகள். கீலவேயாவின் உச்சி வெறும் 1,247 மீட்டர். கார் ஏறுவதே தெரியாமல் உச்சிக்குப் போய்விடும். அங்கே சிகரத்துக்குப் பதில் ஒரு பெரும் பள்ளம், அந்தப் பள்ளத்துக்குள் ஹலேமாவுமாவு என்ற குழி. பார்க்க வந்த நெருப்பு மேலே இல்லை, கீழே இருக்கிறது.

ஹலேமாவுமாவு ஹவாய் மக்களுக்கு எரிமலைத் தெய்வமான பெலேயின் இருப்பிடம். வேலியோரம் நின்று கையில் பூமாலையோடு மெல்லிய குரலில் ஓதுகிறவர்களை இங்கே பார்க்க நேரிடலாம். அவர்கள் காட்சிக்காக வந்தவர்கள் அல்ல. சற்று விலகி, படம் எடுக்காமல், பேச்சைக் குறைத்துக்கொண்டு நிற்பது முறை. பூங்காவிலிருந்து ஒரு கல்லைக்கூட எடுத்துப் போகக் கூடாது. அது சட்டப்படியும் குற்றம். எடுத்துப்போன கற்களைப் பல நாடுகளிலிருந்தும் தபாலில் திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி வருகிற கல்லையும் அது கிடந்த இடத்தில் வைக்க முடியாது, எந்த இடம் என்று யாருக்கும் தெரியாதே.

2018இல் நடந்ததைத் தெரிந்துகொண்டு போனால் கண் முன்னால் இருப்பது புரியும். அந்த ஆண்டு மே 3 அன்று, உச்சியிலிருந்து வெகுதூரம் கிழக்கே, லெய்லானி எஸ்டேட்ஸ் என்ற குடியிருப்பின் தெருக்களில் தரை பிளந்து லாவா வந்தது. சுமார் 700 வீடுகள் போயின. உச்சிக்கு அடியில் தேங்கியிருந்த குழம்பு அந்தப் பக்கமாக வடிய வடிய, மேலே தாங்க ஆளில்லாமல் பள்ளத்தின் தரை படிப்படியாக உள்ளே அமிழ்ந்தது. அந்தக் கோடையில் 60,000 நிலநடுக்கங்கள் பதிவாயின. சில இடங்களில் தரை 500 மீட்டருக்கும் மேல் இறங்கிவிட்டது. பூங்காவின் பெரும்பகுதி 134 நாட்கள் மூடிக் கிடந்து, செப்டம்பர் 22 அன்றுதான் திறந்தது. விளிம்பிலிருந்த ஜாகர் அருங்காட்சியகம் பலத்த சேதமடைந்து, பின்னர் அகற்றப்பட்டது. 2019இல் குழியின் அடியில் நீர் சுரந்து ஒரு ஏரியே உருவானது. 2020 டிசம்பர் 20 இரவு மறுபடியும் லாவா வந்தபோது அந்த ஏரி முழுவதும் ஆவியாகிப் போனது. அன்றிலிருந்து குழி கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பிக்கொண்டு வருகிறது. பத்தாண்டுகளுக்கு முன் எடுத்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு இடத்தைத் தேடுகிறவர்களுக்கு ஏமாற்றம்தான்.

தரை சொல்லும் சேதி

அடுத்த லாவா ஊற்று எப்போது என்று ஓரளவு முன்கூட்டிச் சொல்ல முடிகிறது. தாமஸ் ஜாகர் 1912இல் தொடங்கிய ஹவாய் எரிமலை ஆய்வகம் இன்று அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறையின் ஓர் அங்கம். உச்சியைச் சுற்றிலும் சாய்வுமானிகளைப் புதைத்துவைத்திருக்கிறார்கள். அடியில் குழம்பு சேரச் சேர மலை லேசாக உப்பும். பீறிட்டு வெளியேறியதும் வற்றும். அந்த உப்பலையும் வற்றலையும் மைக்ரோரேடியன் என்ற அலகில் அளக்கிறார்கள். ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள பலகையின் ஒரு முனையை ஒரு மில்லிமீட்டர் தூக்கினால் எவ்வளவு சாயுமோ, அதுதான் ஒரு மைக்ரோரேடியன். சென்ற கட்டத்தில் இழந்த உப்பலை மலை ஏறக்குறைய மீட்டுவிட்டால், அடுத்தது நெருங்கிவிட்டது என்று பொருள். கூடவே குழியின் வாயில் லாவா சின்னச் சின்னதாகத் ததும்பி வழிந்து வழிந்து உள்ளே வாங்கும். இந்த அறிகுறிகளை வைத்து, 'இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிக்குள்' என்று ஆய்வகம் கணிப்பு வெளியிடுகிறது.

பயணிக்கு இதில் உபயோகம் என்ன? ஆய்வகம் தினமும் இணையத்தில் வெளியிடும் அறிக்கையைப் படித்தாலே போதும். அதன் நேரலைக் கேமராக்களை ஊரிலிருந்தே பார்க்கலாம். அறிக்கையிலுள்ள நேரம் ஹவாய் நேரம், இந்திய நேரத்துக்கு 15½ மணி நேரம் பின்னால். கணிப்பு வந்தால், அந்த நாட்களைப் பூங்காவுக்கு அருகில் கழிப்பதுபோல் தீவுக்குள் திட்டத்தை மாற்றிக்கொள்ளலாம். கடற்கரையை முன்பின்னாக வைத்துக்கொண்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

அறிக்கையின் தலைப்பில் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று ஒரு நிறம் இருக்கும். அது விமானங்களுக்கான எச்சரிக்கை. ஆரஞ்சைப் பார்த்துப் பூங்காவே மூடிவிட்டது என்று நினைத்துப் பயணத்தை ரத்து செய்ய வேண்டியதில்லை. எந்தச் சாலை திறந்திருக்கிறது, எந்தப் பார்வைமேடை மூடியிருக்கிறது என்பதைப் பூங்கா நிர்வாகம் தன் இணையதளத்தில் தனியாகச் சொல்லும். கிளம்பும் காலையில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

பீறிடும் நாளில்

பூங்கா இரவு பகலாக 24 மணி நேரமும் திறந்திருக்கும். லாவா ஊற்று தொடங்கிய செய்தி பரவினால், மாலை மயங்கும் வேளைக்குள் வாசலில் கார்கள் நீளமாக வரிசைகட்டிவிடும். வாகனம் நிறுத்த இடம் கிடைப்பது அதைவிடச் சிரமம். இதற்கு ஒரே மருந்து விடியற்காலை. மூன்று மணி, நான்கு மணிக்குப் போகிறவர்களுக்கு இருட்டும் கிடைக்கும், இடமும் கிடைக்கும். பகலில் ஆரஞ்சுச் சாயம் பூசியதுபோல் வெளிறித் தெரியும் லாவா, இருட்டில்தான் தன் முழு நிறத்தைக் காட்டும். அடிவயிற்றிலிருந்து வருகிற அந்த இரைச்சலும் அந்த நேரத்து அமைதியில் நன்றாகக் கேட்கும்.

எங்கிருந்து பார்ப்பது என்பது, குழியின் எந்த மூலையில் லாவா வருகிறது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதைப் பொறுத்தது. உவேகஹுனா மேட்டிலிருந்து பள்ளம் முழுவதும் விரிந்து தெரியும். கேயனாகாகோயி பார்வைமேடைக்கு, வாகனம் நிறுத்துமிடத்திலிருந்து மூடப்பட்ட பழைய சாலையில் ஒரு வழிக்கு 1.6 கிலோமீட்டர் நடக்க வேண்டும். தரை சமம்தான், ஆனால் இரவில் டார்ச் இல்லாமல் போகக் கூடாது. நடக்க முடியாத பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு வோல்கேனோ ஹவுஸ் ஓட்டலின் பின்புற விளிம்பு வசதியானது. 1846இலிருந்து அந்தப் பெயரில் ஏதோ ஒரு விடுதி அங்கே இருந்துவருகிறது. 1866இல் மார்க் ட்வெயின் வந்து தங்கியிருக்கிறார். இப்போதுள்ள கட்டடம் 1941இல் கட்டியது.

உச்சியில் குளிரும். வெப்பமண்டலத் தீவுதானே என்று அரைக்கால் சட்டையோடு வந்து, மழையில் நனைந்து நடுங்குகிறவர்கள் தினமும் உண்டு. கம்பளிச் சட்டை ஒன்று, மழைக்கோட்டு ஒன்று, விரல் மூடிய காலணி. இந்த மூன்றும் கட்டாயம்.

விளிம்பும் காற்றும்

2024 டிசம்பர் 25. ஊற்று பீறிடத் தொடங்கி இரண்டே நாள், கூட்டம் நெரிந்த நேரம். ஒரு குடும்பத்தின் சின்னஞ்சிறு பிள்ளை கையை விட்டு நழுவி, நேராக விளிம்பை நோக்கி ஓடியது. தாய் அலறிக்கொண்டு பாய்ந்து பிடித்தார். இன்னும் ஓரடி போயிருந்தால் 120 மீட்டர் ஆழம். பூங்கா நிர்வாகமே இதை வெளியிட்டு எல்லோரையும் எச்சரித்தது. அங்கே லாவாவைவிட விளிம்புதான் ஆபத்து. இருட்டில் எல்லோர் கண்ணும் வெளிச்சத்தின் மேல் இருக்கும்போது கால் எங்கே இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. விளிம்புப் பாறைகள் விரிசல் விட்டவை, சில அடியில் ஒன்றுமில்லாமல் துருத்திக்கொண்டு நிற்பவை. நல்ல படத்துக்காக வேலியைத் தாண்டுகிறவர்கள் அதன் மேல்தான் நிற்கிறார்கள். சிறு பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்களில் ஒரு பெரியவர், பார்ப்பதை விட்டுவிட்டு, பிள்ளையின் கையைப் பிடிப்பதை மட்டுமே வேலையாக வைத்துக்கொள்ள வேண்டும். முறை மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்தது கண்ணுக்குத் தெரியாத ஆபத்து, கந்தக டை ஆக்சைடு. ஊற்று ஓய்ந்திருக்கும் நாட்களில் மலை நாளொன்றுக்குச் சுமார் 1,200 முதல் 1,500 டன் வெளியிடுகிறது. பீறிடும்போது இது நாளொன்றுக்கு 50,000 டன் என்ற வேகத்தையும் தாண்டிவிடும். தொண்டை கரகரக்கும், கண் எரியும். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், கைக்குழந்தைகளும் காற்று தங்கள் பக்கம் திரும்பினால் உடனே காரில் ஏறி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, வேறு பக்கம் போய்விட வேண்டும். கொரோனாக் காலத்து முகக்கவசம் சாம்பல் தூளைத் தடுக்கும், இந்த வாயுவைத் தடுக்காது. பலரும் இதை அறியாமல் கவசத்தை நம்பி நிற்கிறார்கள்.

காற்று அடிக்கும் திசையில் தரையை உற்றுப் பார்த்தால், நடைபாதைக் கல்லின் மூலையில், புல்லின் அடியில், பொன்பழுப்பு நிறத்தில் மெல்லிய இழைகள் சுருண்டு கிடக்கும். வாரிக் கழித்த தலைமுடி என்றே தோன்றும். பெலேயின் கூந்தல் என்று பெயர். பீறிட்ட லாவாத் துளி காற்றில் இழுபட்டு, நொடியில் உறைந்து, கண்ணாடி இழையானது. அழகாக இருக்கிறதே என்று கையில் எடுத்தால் தோலில் தைக்கும். ஒடிந்த துணுக்கு கண்ணில் பட்டால் கீறிவிடும், கசக்கினால் இன்னும் மோசம். ஊற்று பீறிடும் நாட்களில் மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் பாக்கியவான்கள்.

கீலவேயாவைச் 'சாதுவான எரிமலை' என்று சொல்லும் வழக்கம் உண்டு. அது பாதி உண்மை. 1790இல் அது வெடித்துச் சிதறியபோது, அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்த கேயோவா என்ற தலைவனின் படையில் ஒரு பகுதியே மாண்டது. அந்தக் காலத்துச் சாம்பலில் பதிந்து இறுகிய காலடித் தடங்கள் பூங்காவின் மேற்கே, காவூ பாலைவனத்தில் இருக்கின்றன. 1924 மே மாதத்தில் நீராவி அழுத்தத்தில் பாறைகள் பறந்தபோது, படம் எடுக்க நெருங்கிப் போன ஒருவர் உயிரிழந்தார். வேலி எங்கே போட்டிருக்கிறார்களோ, அங்கே போட்டதற்குக் காரணம் இருக்கிறது.

லாவா இல்லாத நாள்

ஒரே ஒரு நடைக்குத்தான் நேரம் இருக்கிறதென்றால் அது கீலவேயா இக்கி என்ற குழிக்குத்தான். சுற்றுப்பாதை 5.3 கிலோமீட்டர், இரண்டு முதல் மூன்று மணி நேரம். மரப்பெரணிகளும் ஓஹியா மரங்களும் அடர்ந்த மழைக்காட்டுக்குள் 120 மீட்டர் கீழே இறங்கினால், மரம் திடீரென்று நின்றுவிடும். எதிரே ஒரு கருப்பு மைதானம். 1959 நவம்பர் 14 அன்று இந்தக் குழியின் சுவர் பிளந்து லாவா பீறிட்டது. ஒரு கட்டத்தில் ஊற்று 580 மீட்டர் எழுந்தது. குழிக்குள் லாவா ஏரியாகத் தேங்கி, மேலே ஆடை படிந்து, உள்ளே 1990களின் நடுப்பகுதிவரை முழுதாக உறையாமல் இருந்தது. இன்று நடப்பது அந்த ஏரியின் மேல்.

தரை ஒரே பாளமாக இல்லை. உறையும்போது சுருங்கி வெடித்த பலகைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. விரிசல்களில் கையைக் காட்டினால் வெதுவெதுப்பு. மழை பெய்த பிறகு அங்கங்கே ஆவி எழும். அதே விரிசலில், மண் என்று சொல்ல ஒரு சிட்டிகைகூட இல்லாத இடத்தில், ஒரு சாண் ஓஹியாக் கன்று சிவந்த பூவோடு நிற்கும். சுற்றுச்சுவரில், தலைக்கு மேலே உயரத்தில், ஏரி நிறைந்திருந்தபோது எட்டிய மட்டம் கோடாகத் தெரியும். எவ்வளவு குழம்பு இங்கே நின்றது என்பது அந்தக் கோட்டைப் பார்க்கும்போதுதான் உறைக்கும். பாதையைக் காட்டக் கல்லைக் குவித்துவைத்திருக்கிறார்கள். விளையாட்டாகப் புதுக் குவியல் கட்டினால், மூடுபனியில் பின்னால் வருகிறவர் வழி தவறுவார். நிழல் கிடையாது, தண்ணீர் கையோடு வேண்டும்.

பக்கத்திலேயே நாஹுக்கு என்ற லாவாக் குகை. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஓடிய லாவாவின் மேற்பரப்பு உறைந்து கூரையாக, உள்ளே ஓடிய குழம்பு வடிந்துபோன குழாய் இது. பகலில் விளக்கு எரியும், நடையும் குறைவு. பேருந்துக் கூட்டம் வருமுன், காலை 9 மணிக்குள் போய்வந்துவிடுவது நல்லது. நீராவித் துளைகளில் மழைநீர் சுடுபாறையைத் தொட்டு ஆவியாகத் திரும்புவதைப் பத்து நிமிடத்தில் பார்க்கலாம். அந்த வெளியில் புல்தான் உண்டு. வேர் ஆழமாக இறங்கும் மரத்தைச் சூடு வளரவிடாது.

மத்தியானத்துக்குப் பிறகு 'செயின் ஆஃப் கிரேட்டர்ஸ்' சாலை. உச்சியிலிருந்து கடல்வரை ஒரு வழிக்கு 30 கிலோமீட்டர், இறக்கம் 1,100 மீட்டருக்கும் மேல். இரு பக்கமும் பழைய லாவா ஓட்டங்கள். பளபளக்கும் வழவழப்பானது ஒன்று, உழுத நிலம்போல் கரடுமுரடானது இன்னொன்று. 1969 முதல் 1974வரை நீடித்த மவுனா ஊலு சீற்றத்தில் பழைய சாலையின் பெரும்பகுதி புதைந்து, 1979இல்தான் மறுபடி திறக்கப்பட்டது. பிறகு கடலோரத்தில் மீண்டும் லாவா ஓடி மூடியது. முன்பு பூங்காவைத் தாண்டி அடுத்த ஊருக்குப் போன சாலை, இன்று கடலோரத்தில் 27 மீட்டர் உயரப் பாறை வளைவான ஹோலேயி அருகே முடிந்துவிடுகிறது. வழியில் பெட்ரோல் கிடையாது, கடை கிடையாது, குடிநீர் கிடையாது. மேலே குளிருக்குப் போட்ட கம்பளியைக் கீழே கழற்ற வேண்டியிருக்கும், வெயில் அப்படி.

இந்தச் சாலையில் அவசியம் நிற்க வேண்டிய இடம் பூவுலோவா. போக வர 2.3 கிலோமீட்டர் நடை, கடைசியில் ஒரு மரப்பாலம். அதன் இரு புறமும் லாவாப் பாறையில் 23,000க்கும் மேற்பட்ட செதுக்கல்கள். மனித உருவங்கள் சில. பெரும்பாலானவை சிறு குழிகள், வட்டத்துக்குள் குழிகள். குழந்தை பிறந்ததும் அதன் தொப்புள்கொடியைக் கொண்டுவந்து, பாறையில் ஒரு குழி குடைந்து, அதில் வைத்து, நீண்ட ஆயுளை வேண்டிக்கொண்டு போவது இங்குள்ள குடும்பங்களின் வழக்கமாக இருந்தது. ஒவ்வொரு குழியும் ஒரு பிள்ளைக்காகத் தாய் தகப்பன் இவ்வளவு தூரம் நடந்துவந்ததற்கான சாட்சி. சாய்ந்த வெயிலில், நிழல் விழும்போது, இவை தெளிவாகத் தெரியும். பாலத்தை விட்டு இறங்கக் கூடாது. காலடியில் மிதிபடுவது அவைதான்.

கடலோரத்தில் இருக்கும்போது தரை பலமாக ஆடினால் எதற்கும் காத்திருக்காமல் மேட்டை நோக்கி நடந்துவிட வேண்டும். 1975 நவம்பர் 29 விடியற்காலை பூகம்பத்தோடு இந்தக் கரையே அமிழ்ந்து, ஹலாபேயில் கூடாரம் போட்டிருந்தவர்களைச் சுனாமி அலை அடித்தது, இருவர் இறந்தனர்.

போக்குவரத்து, சாப்பாடு, படுக்கை

ஹீலோ விமான நிலையத்திலிருந்து பூங்கா வாசல் சுமார் 48 கிலோமீட்டர், கோனாவிலிருந்து 154. பூங்காவே நோக்கம் என்றால் ஹீலோவில் இறங்குவதுதான் சரி. வாடகைக் கார் இல்லாமல் இங்கே காரியம் ஆகாது. நுழைவுக் கட்டணம் காருக்கு 30 டாலர், ஏழு நாட்களுக்குச் செல்லும், ரொக்கம் வாங்க மாட்டார்கள். கட்டணம் மாறக்கூடியது என்பதால் கிளம்புமுன் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய தகவல் மையம் 2025 மார்ச்சில் புதுப்பிப்பு வேலைக்காக மூடப்பட்டு, தற்காலிக மையம் கீலவேயா ராணுவ முகாமில் இயங்கத் தொடங்கியது. முதலில் அங்கே போய் ரேஞ்சரிடம் அன்றைய நிலவரத்தைக் கேட்டுவிட்டால் பாதி நாள் மிச்சமாகும்.

பூங்காவுக்குள் சாப்பாட்டுக்கு வழி குறைவு. சைவக்காரர்களுக்கு இன்னும் குறைவு. புறப்படும் முன் ஹீலோவிலேயே ரொட்டி, பழம், கொறிக்க ஏதாவது, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் என்று வாங்கி வைத்துக்கொள்வது உத்தமம். பெட்ரோலையும் அங்கேயே நிரப்பிவிட வேண்டும்.

சாலையில் வேகம் குறைவாக இருக்கட்டும். நேனே என்ற ஹவாய் வாத்து, சாலையோரப் புல்லில் குஞ்சுகளோடு மேயும். 1950களில் உலகத்தில் எஞ்சியவையே முப்பது அளவுதான். பல ஆண்டு வளர்ப்பு முயற்சியில் இன்று 3,000ஐத் தாண்டியிருக்கின்றன. தீனி போட்டால் அவை காரைத் தேடி வரப் பழகி, சக்கரத்தில் மாட்டிச் சாகும். பரிவோடு போடுகிற ஒரு துண்டு ரொட்டி அவற்றைக் கொன்றுவிடும். அதுபோல, ஓஹியா மரங்களை ஒரு பூஞ்சை நோய் கூட்டம் கூட்டமாகக் கொல்கிறது. காலணியில் ஒட்டிய மண்ணோடு அது பரவும். நடைபாதைத் தொடக்கத்தில் தூரிகை இருந்தால், அடிப்பகுதியைத் தேய்த்துவிட்டு உள்ளே போவது ஒரு நிமிட வேலை.

தங்க, பூங்காவுக்குள் இருக்கும் ஒரே ஓட்டல் வோல்கேனோ ஹவுஸ்; பள்ளத்தைப் பார்த்த அறைகள் மாதக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும். வாசலுக்குச் சற்று வெளியே வோல்கேனோ கிராமத்தில், காட்டுக்குள் ஒதுங்கிய சிறு விடுதிகள் நிறைய. இரண்டு இரவு அங்கே தங்குகிறவர்களுக்கு, விடியற்காலை மூன்று மணிக்கு ஊற்று தொடங்கினாலும் படுக்கையிலிருந்து எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வர முடியும். ஹீலோவிலோ கோனாவிலோ அறை எடுத்தவர்களுக்கு அந்த வசதி இல்லை. அறையைப் பதிவுசெய்யும்போது, கட்டணமில்லாமல் தேதியை மாற்ற இடமிருக்கிறதா என்று பார்த்து எடுத்தால், ஆய்வகத்தின் கணிப்பு ஓரிரு நாள் தள்ளிப்போனாலும் கூடவே தள்ளிக்கொள்ளலாம்.